பிப்பிக்கு முகம் கொடுத்தவர்

ஸ்வீடன் நாட்டுச் சிறார் கதைகளின் நாயகியான பிப்பி லாங்ஸ்டாக்கிங்கைப் படைத்தவர் யார் என்று கேட்டால், சிறார் நூல்கள் படிக்கிற யாரும் ஆஸ்ட்ரித் லிண்ட்கிரென் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரி, அந்தப் பெயரைக் கேட்டதும் மனசுக்குள் ஓர் உருவம் வருகிறதே, இரண்டு பக்கமும் விறைப்பாக நீட்டிக்கொண்டிருக்கும் சடைகள், பாதத்தைவிட இரண்டு மடங்கு நீளமான ஷூ, குதிரையைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் ஒல்லிக் கைகள், அதை வரைந்தது யார்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. அவர் பெயர் இங்ரித் வாங் நீமான். டென்மார்க்கில் பிறந்து, ஸ்வீடனில் பெயரெடுத்தவர். பிப்பி நூல்களுக்குப் படம் வரைந்தார். பிற்பாடு பிப்பியையே காமிக்ஸாகவும் வரைந்தார். பிப்பிக்கு இரண்டு தாய்கள் உண்டு என்பது என் உறுதியான எண்ணம். அதில் இரண்டாவது தாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இங்ரித் 1916 ஆகஸ்டில், டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில் இருக்கும் வேயன் என்ற சிறிய ஊரில் பிறந்தார். குழந்தைப் பருவம் எளிதாக இருக்கவில்லை. காசநோய் அந்தக் குடும்பத்தை விடவில்லை. அப்பாவைச் சிறு வயதிலேயே இழந்தார். பதிமூன்று வயதில் அவருக்கு ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. அவருடைய படங்களில் ஆழமே இல்லாமல் எல்லாம் தட்டையாக இருப்பதற்கு ஒற்றைக் கண் பார்வைதான் காரணம் என்று நினைக்கத் தோன்றலாம். எனக்கு அந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. ஒரு கலைஞர் வருடக்கணக்காக யோசித்து, பழகி, தேர்ந்தெடுத்த பாணியை உடல் குறையின் விளைவாகச் சுருக்கிவிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களின் சாயல் அவர் வேலையில் தெளிவாகவே தெரிகிறது. அழுத்தமான வெளிக்கோடு, நிழல் இல்லாத ஒரே சீரான வண்ணம், பக்கத்தின் ஓரத்தில் துணிந்து வெட்டப்படும் உருவங்கள். இதெல்லாம் கண்ணால் வந்ததில்லை, படிப்பால் வந்தது.

கோபன்ஹேகனில் அரச நுண்கலைக் கழகத்தில் படித்தார். ஆர்னே நீமான் என்ற ஸ்வீடன்காரரைத் திருமணம் செய்துகொண்டார். 1940 ஏப்ரலில் ஜெர்மன் ராணுவம் டென்மார்க்கைப் பிடித்தது. ஸ்வீடன் போரில் சேராமல் ஒதுங்கி நின்றது. 1940களின் தொடக்கத்தில் இங்ரித் ஸ்டாக்ஹோமுக்குக் குடிபோனார். மணவாழ்க்கை நீடிக்கவில்லை. கையில் ஒரு மகன், வேற்று நாடு, படம் வரைந்துதான் சாப்பாடு. பணம் பற்றிய பேச்சு இந்தக் கட்டுரையில் பின்னால் வரும்போது இந்த நிலைமையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்பி பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1941இல் நிமோனியாவில் படுத்திருந்த ஆஸ்ட்ரித் லிண்ட்கிரெனின் மகள் காரின், பிப்பி லாங்ஸ்ட்ரும்ப் என்று வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி, அவளைப் பற்றிக் கதை சொல்லும்மா என்று கேட்டாள். அம்மா சொல்ல ஆரம்பித்தார். 1944இல் பனியில் வழுக்கி விழுந்து கால் சுளுக்கிப் படுத்திருந்தபோது அந்தக் கதைகளைச் சுருக்கெழுத்தில் எழுதி, மே மாதம் மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குக் கையெழுத்துப் பிரதியாகக் கொடுத்தார். பொன்னியர் என்ற பெரிய பதிப்பகம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. ராபேன் அண்ட் ஷோகிரென் என்ற சின்னப் பதிப்பகம் 1945இல் நடத்திய போட்டியில் முதல் பரிசு கிடைத்தது. அந்த ஆண்டின் இறுதியில் புத்தகம் கடைக்கு வந்தது. படங்கள் இங்ரித் வாங் நீமான்.

அப்போது ஸ்வீடனின் சிறார் நூல்களில் என்ன மாதிரியான படங்கள் இருந்தன என்று பார்த்தால்தான் அவர் செய்ததன் பெருமை புரியும். எல்சா பெஸ்கோவ் அப்போதும் உயிரோடு இருந்தார்; அவருடைய மென்மையான நீர்வண்ணப் பூக்களும் பெர்ரிப் பழக் குழந்தைகளும் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தன. அதற்கு முந்தைய தலைமுறையின் யோன் பவ்வர், பாசி படர்ந்த காடுகளையும் மலையளவு பூதங்களையும் இருட்டும் ஒளியுமாக வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டுமே அற்புதமான கலை. அந்த உலகத்தில் குழந்தை என்றால் அழகாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், இயற்கையின் மடியில் அடங்கி இருக்க வேண்டும்.

பிப்பி அடங்குகிற பெண்ணா? ஒன்பது வயது, உலகத்திலேயே பலசாலியான சிறுமி, அம்மா இறந்துவிட்டார், அப்பா கடலில் காணாமல் போய்விட்டார். வில்லா வில்லேகுல்லா என்ற வீட்டில் தனியாக இருக்கிறாள். துணைக்குக் குரங்கு நில்சன், தாழ்வாரத்தில் குதிரை, பெட்டி நிறையத் தங்கக் காசுகள். அவளுடைய உடை அவளே தைத்தது. நீலத் துணி போதாமல் போனதால் இங்கும் அங்கும் சிவப்பு ஒட்டுகள். ஒரு காலில் பழுப்பு உறை, மறு காலில் கறுப்பு. இவளை நீர்வண்ணத்தில் இளகலாக வரைந்திருந்தால் பரிதாபத்துக்குரிய அனாதையாகத் தெரிந்திருப்பாள். கேலிச்சித்திரமாக வரைந்திருந்தால் கோமாளியாகத் தெரிந்திருப்பாள். இங்ரித் இரண்டையும் செய்யவில்லை.

குதிரையைத் தூக்கும் படத்தை எடுத்துக்கொள்வோம். குதிரை பெரியது, முழு உடம்போடு, கனத்தோடு இருக்கிறது. அதன் கீழே பிப்பி. கைகள் நேராக மேலே போகின்றன. தசை புடைக்கவில்லை, முழங்கால் மடங்கவில்லை, வியர்வைத் துளி பறக்கவில்லை, குதிரை நடுங்குவதைக் காட்டும் அதிர்வுக் கோடுகள்கூட இல்லை. முகத்தில் சிரமத்தின் சாயலே கிடையாது. ஒரு பலசாலியை வரையச் சொன்னால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஓவியர்கள் முயற்சியைத்தான் வரைவார்கள். இங்ரித் முயற்சி இல்லாமையை வரைந்தார். இந்தப் பெண்ணுக்கு இது சாதாரணம் என்று எழுத்து சொல்கிறது. படம் அதை நம்ப வைக்கிறது. கோடு ஒரே தடிமனில், தயக்கமில்லாமல், பிசிறில்லாமல் ஓடுவதால்தான் அந்த நம்பிக்கை வருகிறது. கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தாலும் பிப்பியின் கை நடுங்குவதாகத் தெரிந்திருக்கும்.

தலையணைமேல் கால்களை வைத்து, போர்வைக்குள் தலையை விட்டுத் தூங்குவது, சமையலறைத் தரையிலேயே பிஸ்கட் மாவைப் பரப்பி உருட்டுவது, இதெல்லாம் வாசிக்கும்போது சிரிப்பு வரும் காட்சிகள். படத்தில் பாருங்கள், பிப்பி ஒருபோதும் நம்மைப் பார்த்து 'நான் எப்படி?' என்று கேட்க மாட்டாள். வேலையில் மும்முரமாக இருப்பாள். பக்கத்து வீட்டு டோமியும் அன்னிகாவும் ஒழுங்காகச் சீவிய தலையும் இஸ்திரி போட்ட உடையுமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு விதமான குழந்தைப் பருவம். அந்த இரண்டையும் கிண்டல் இல்லாமல் வரைந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1946இல் யோன் லாண்ட்குவிஸ்ட் என்ற மதிப்புமிக்க விமர்சகர் 'அஃப்டான்பிளாடெட்' நாளிதழில் பிப்பி நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். குழந்தைகளுக்கு ஆகாத, இயல்புக்கு மாறான நூல் என்பது அவர் கட்சி. விவாதம் பெரிதாக, பிப்பி இன்னும் நன்றாக விற்றாள். அதே ஆண்டு இரண்டாம் நூல், 1948இல் மூன்றாம் நூல். மூன்றுக்கும் இங்ரித்தே வரைந்தார்.

இடையில் 1947இல் வந்த 'உனக்குப் பிப்பியைத் தெரியுமா' என்ற வண்ணப் படநூலைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதுவரை கறுப்புக் கோடாக இருந்த உலகம் அதில் வண்ணமாகத் திறந்துகொண்டது. அந்தக் காலத்து வண்ண அச்சு நம் காலம் மாதிரி நுணுக்கமானது கிடையாது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அச்சுத் தகடு. ஓவியர் நுணுக்கமாகச் சாயம் கலந்து வரைந்து கொடுத்தால், அது தகட்டுக்குப் போய்த் தாளுக்கு வருவதற்குள் மங்கிச் சேறாகிவிடும் ஆபத்து உண்டு. அச்சகத்தில் என்ன நடக்கும் என்று இங்ரித்துக்குத் தெரியும். அதனால் அச்சு எதைச் சுத்தமாகத் தருமோ அதையே தன் மொழியாக எடுத்துக்கொண்டார். தட்டையான மஞ்சள், தட்டையான சிவப்பு, நடுவே கறுப்புக் கோடு. தரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில்கூட நிழல் இருக்காது. ஒரு வண்ணம் முடியும் இடத்தில் இன்னொன்று ஆரம்பிக்கும், அவ்வளவுதான். எழுபது எண்பது வருடம் கழித்து இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பக்கங்கள் நேற்று அச்சானவை மாதிரி இருக்கின்றன. இன்று வரும் எத்தனையோ படநூல்கள் இதே தட்டை வண்ணப் பாணியைப் புதுமை என்று கொண்டாடுகின்றன.

இனி பணம். சிறார் நூல்களைப் பற்றிப் பேசும்போது இந்தப் பேச்சை நாகரிகமாகத் தவிர்த்துவிடுவது வழக்கம். இங்ரித்தின் வாழ்க்கையில் தவிர்க்க முடியாது. எழுத்தாளருக்குப் புத்தகம் விற்க விற்க ராயல்டி வரும். ஓவியருக்குப் பெரும்பாலும் ஒரு தொகையைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். படம் வரைபவர் எழுதுபவருக்கு நிகர், மதிப்பும் ஊதியமும் அப்படியே இருக்க வேண்டும் என்று இங்ரித் வாதாடினார். தன் வேலை எவ்வளவு தரமானது என்று அவருக்கே தெரியும், அதை வாய்விட்டுச் சொல்லவும் தயங்க மாட்டார்.

இதில் ஒரு சங்கடமான முடிச்சு இருந்தது. ஆஸ்ட்ரித் லிண்ட்கிரென் 1946 முதல் அதே ராபேன் அண்ட் ஷோகிரென் பதிப்பகத்தில் சிறார் நூல் பிரிவின் பொறுப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். 1970 வரை அங்கேதான் இருந்தார். ஆக, இங்ரித் ஊதியம் பற்றிப் பேச வேண்டிய இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அவர் யாருடைய கதைக்கு வரைந்தாரோ அந்த எழுத்தாளரேதான். ஒருவர் திறமையை இன்னொருவர் மதித்தவர்கள் இருவரும். ஆனாலும் ஒருவர் பதிப்பகத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் மாத வாடகையைக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார். உரசல்கள் வந்தன. 'பழகச் சிரமமானவர்' என்ற பெயரும் இங்ரித்துக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. தன் உழைப்புக்கு உரிய பங்கைக் கேட்கிற பெண்ணுக்கு அந்தப் பெயரை ஒட்டிவிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. பிப்பி நூல் லட்சக்கணக்கில் விற்றது, அட்டையில் இருந்தது இங்ரித்தின் கோடு. குழந்தை கடையில் கையை நீட்டிக் கேட்டது அந்தப் படத்தைப் பார்த்துத்தான். அவர் கேட்டதில் பேராசை எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

பிப்பி தவிரவும் அவர் நிறைய வரைந்தார். லிண்ட்கிரெனின் புல்லர்பி கிராமத்துக் குழந்தைகள் கதைகளில் முதல் நூலுக்கு 1947இல் வரைந்தது அவர்தான். இன்று புல்லர்பி என்றால் பலருக்கும் இலோன் விக்லாந்தின் படங்கள் நினைவுக்கு வரும்; எஸ்தோனியாவிலிருந்து அகதியாக வந்த விக்லாந்து 1950களின் நடுவிலிருந்து லிண்ட்கிரெனுக்குத் தொடர்ந்து வரைந்தவர், புல்லர்பியையும் பின்னர் வரைந்தார். உலகின் பல நாட்டுக் குழந்தைகளை இங்ரித் வரைந்த வண்ணப் படங்களும் உண்டு. வேற்று நாடுகளின் உடை, வீடு, விளையாட்டு ஆகியவற்றில் அவருக்கு ஆழ்ந்த அக்கறை இருந்தது.

இன்னொரு பக்கம், பிப்பி நாடு விட்டு நாடு போனபோது இங்ரித் கூடவே போகவில்லை. 1949இல் ஜெர்மனியில் பிப்பி வெளிவந்தபோது படங்கள் வால்டர் ஷார்ன்வெபர். 1950இல் அமெரிக்கப் பதிப்புக்கு லூயிஸ் கிளான்ஸ்மன். 1954இல் பிரிட்டிஷ் பதிப்புக்கு ரிச்சர்ட் கென்னடி. மூவருமே தேர்ந்த கைகள். ஆனால் கென்னடியின் கோட்டில் பிப்பி காற்றில் பறக்கும் சருகு மாதிரி அலைபாய்கிறாள். இங்ரித்தின் பிப்பி தரையில் ஊன்றி நிற்பாள். ஊன்றி நிற்பவள்தானே குதிரையைத் தூக்க முடியும்? ஆங்கிலத்தில் பிப்பியைப் படித்து வளர்ந்த நம்மில் பலருக்கு இங்ரித்தின் பெயரே தெரியாமல் போனதற்கு இந்த மாற்றங்கள்தான் முக்கியக் காரணம்.

அப்புறம் காமிக்ஸ். அவர் தொழில்வாழ்க்கையில் நான் அதிகம் நேசிக்கும் பகுதி.

1950களில் காமிக்ஸ் மீது பெரியவர்களுக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சமில்லை. அமெரிக்காவில் கிளம்பிய பீதி ஸ்வீடனுக்கும் வந்தது. 1954இல் நில்ஸ் பேயெரோட் என்ற மருத்துவர் குழந்தைகள், காமிக்ஸ், சமூகம் என்று தலைப்பிட்டு ஒரு நூலே எழுதினார்; காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்பதுதான் அதன் சாரம். அதே ஆண்டுதான், பின்லாந்தின் ஸ்வீடிஷ் மொழிக் கலைஞர் தூவே யான்சன் லண்டனின் 'ஈவினிங் நியூஸ்' நாளிதழில் மூமின் என்ற காமிக்ஸ் தொடரைத் தொடங்கினார் என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் காமிக்ஸைத் திட்டும் நூல், மறுபக்கம் வடக்கு ஐரோப்பாவின் மிகச் சிறந்த சிறார் கலைஞர்களில் ஒருவர் அதே வடிவத்தில் இறங்குகிறார். மூன்று ஆண்டு கழித்து, 1957இல், 'க்ளும்பே டும்பே' என்ற சிறுவர் பத்திரிகையில் பிப்பி காமிக்ஸ் ஆரம்பித்தது. எழுத்து லிண்ட்கிரென், படம் இங்ரித். 1959 வரை வந்தது.

நூலில் ஓர் ஓவியருக்குக் கிடைப்பது சில பக்கங்கள். கதையின் நூறு தருணங்களில் எதை வரையலாம் என்று பொறுக்கி எடுக்க வேண்டும். காமிக்ஸில் எல்லாத் தருணமும் ஓவியருடையது. பிப்பி வாசல் கதவைத் திறப்பது, முட்டையை மேலே வீசுவது, அது தலையில் விழுந்து உடைவது, மஞ்சள் கரு வழியும்போதும் அவள் பேசிக்கொண்டே இருப்பது, இப்படிக் கட்டம் கட்டமாக நேரத்தையே அவர் கையில் கொடுத்துவிடுகிறார்கள். இங்ரித்தின் பாணிக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. நிழல் இல்லாத தட்டை வண்ணம் சின்னக் கட்டத்திலும் தெளிவாக நிற்கும். பின்னணியை ஒரே வண்ணத்தில் நிரப்பிவிட்டால் கண் நேராக ஆளிடம் போகும்.

குழந்தைகள் இல்லத்துக்கு அழைத்துப் போக வந்த இரண்டு போலீஸ்காரர்களைப் பிப்பி அலைக்கழிக்கும் கதை நூலில் எல்லோருக்கும் பிடித்த அத்தியாயம். இது ஓட்டமும் துரத்தலுமான கதை. இப்படி ஒரு கதையைக் காமிக்ஸாக்கினால் வேகக் கோடுகளும் தூசிப் படலமும் போட்டு நிரப்புவது வழக்கம். இங்ரித் கையாளும் வேகம் வேறு விதம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்கள் உறைந்த மாதிரி, தெளிவான நிலையில் நிற்பார்கள். அசைவு ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில், நம் மண்டைக்குள் நடக்கும். பெரியவர்கள் விறைத்துத் தடுமாறுவார்கள், பிப்பி மட்டும் வளைந்து நெளிந்து போவாள். எழுத்தில் பத்து வாக்கியத்தில் வரும் அதிகாரத்தின் தோல்வி, உடம்புகளின் நிலையிலேயே தெரிந்துவிடும். காமிக்ஸ் வாசிக்கிறவர்கள் இந்தப் பக்கங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நான் யாரைச் சந்தித்தாலும் சொல்வதுண்டு.

இந்தக் காமிக்ஸ் வந்துகொண்டிருந்தபோது இங்ரித் டென்மார்க்குக்கே திரும்பிவிட்டிருந்தார். உடல்நலமும் மனநலமும் அவரைத் தொடர்ந்து வாட்டின. 1959 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகனில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 43. இந்த மரணத்தை அவருடைய கலையோடு முடிச்சுப் போட்டு எழுதுபவர்களை நான் நம்புவதில்லை. படங்களில் சோகத்தின் நிழலைத் தேடுவதும் வீண். அவர் பக்கங்களில் நிழலே கிடையாது. அது அவர் உறுதியாக எடுத்த முடிவு. நோயும் தனிமையும் பணக் கவலையும் அழுத்திய ஆண்டுகளிலும் அவர் கோடு பிசிறவில்லை என்பதை மட்டும் அந்தக் காமிக்ஸ் பக்கங்களை வைத்துச் சொல்ல முடியும்.

அவர் போன பிறகு பிப்பி இன்னும் பெரிதானாள். 1969இல் இங்கெர் நில்சன் நடித்த தொலைக்காட்சித் தொடர் வந்தது. கம்பி வைத்து விறைப்பாக்கிய அந்தச் சடைகளுக்கு எழுத்து ஒரு மூலம் என்றால், கால் நூற்றாண்டுக்கு முன்பே அதைக் கண்ணுக்குக் காட்டிய படங்கள் இன்னொரு மூலம். 2007இல் லாரன் சைல்ட் புதிதாக வரைந்த ஆங்கிலப் பதிப்பும் வந்தது. ஒவ்வொரு தலைமுறையும் பிப்பியைத் திரும்ப வரையத்தான் செய்யும், அதில் தவறில்லை. இருந்தாலும் ஸ்வீடனில் இன்றும் பிப்பி என்றால் முதலில் இங்ரித்தின் பிப்பிதான்.

காமிக்ஸ் பக்கங்கள் ஸ்வீடனில் நூலாகத் தொகுக்கப்பட்டாலும் பல காலம் ஆங்கிலத்துக்கு வரவில்லை. கனடாவின் 'டிரான் அண்ட் குவார்ட்டர்லி' பதிப்பகம் 2012இல் தொடங்கி அவற்றை ஆங்கிலத்தில் கெட்டி அட்டை நூல்களாகக் கொண்டுவந்தது. மொழிபெயர்த்தவர் டீனா நனலி. உலகின் முக்கியமான காமிக்ஸ் கலைஞர்கள் பலரை வெளியிடும் பதிப்பகம் அது. அந்த வரிசையில் இங்ரித்தும் வந்து சேர்ந்தார். நான் அவரைக் கண்டுகொண்டதும் அந்தப் பதிப்பில்தான். எட்டு வயதுக் குழந்தைக்கும் தயக்கமில்லாமல் கொடுக்கலாம், எழுத்துக் குறைவு, படமே கதையை இழுத்துப் போகும். வாங்க நினைப்பவர்கள் 'பிப்பி மூவ்ஸ் இன்' என்ற முதல் நூலிலிருந்து ஆரம்பியுங்கள். அட்டையில் ஆஸ்ட்ரித் லிண்ட்கிரெனோடு இங்ரித் வாங் நீமானின் பெயரும் இருக்கிறது.